குறட்டையும் குறுகிய மேலண்ணமும்: எங்கள் வீட்டு அனுபவம்

என் மகளுக்கு அப்போது 7 வயது. எப்படிப் படுக்க வைத்தாலும் சற்று நேரத்தில் கழுத்தைப் பின்னால் வளைத்து, வாயைத் திறந்துகொண்டுதான் தூங்குவாள். குறட்டை அடுத்த அறை வரை கேட்கும். ஓடியாடி விளையாடிய களைப்பில் பிள்ளை அசந்து தூங்குகிறாள் என்று என் மாமியார் சொல்வார். நானும் அப்படியே நம்பினேன். விடியும்போது தலையணை உறை வியர்வையில் நனைந்திருக்கும். எப்போதோ நின்றுபோன, படுக்கையை நனைக்கும் வழக்கம் மீண்டும் வந்திருந்தது. வகுப்பில் ஓரிடத்தில் உட்காருவதில்லை என்று ஆசிரியை குறிப்பேட்டில் எழுதி அனுப்பினார். இவற்றையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க எனக்கு ஓராண்டு பிடித்தது. தூக்கம் கெட்டால் பெரியவர்களுக்குப் பகலில் கண் சொக்கும். குழந்தைகளில் பலர் அதற்கு நேர்மாறாக நிலைகொள்ளாமல் அலைவார்கள் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

குறட்டைக்காக முதலில் பார்த்த மருத்துவர், வளர வளரச் சரியாகிவிடும் என்று அனுப்பிவிட்டார். பற்கள் கோணலாக முளைக்கின்றனவே என்று பல் சீரமைப்பு மருத்துவரிடம் போனபோதுதான் வழி பிறந்தது. சிறு கண்ணாடியை வாய்க்குள் பிடித்து அவர் எனக்குக் காட்டினார். வாயின் மேற்கூரையான மேலண்ணம் குறுகி, கூம்பு போல மேலே உயர்ந்திருந்தது. கடிக்கும்போது மேல் கடைவாய்ப் பற்கள் கீழ்ப் பற்களுக்கு உட்புறமாக விழுந்தன. மேலண்ணம்தான் மூக்கின் தரை, அது குறுகினால் மூக்கின் உள்வழியும் குறுகும் என்று விளக்கிவிட்டு, இவள் தூங்குவதைக் கைபேசியில் படம்பிடித்து வரச் சொன்னார். அன்றிரவு படம்பிடித்தேன். நெஞ்சுக்குழி உள்ளே இழுபட்டது. குறட்டை சட்டென்று நின்றது. நான் ஒன்பது வரை எண்ணிய பிறகு, உடம்பு தூக்கிப்போட, ஒரு பெரும் இழுப்போடு மூச்சு திரும்பியது. எத்தனை இரவுகள் அவளுக்கு அருகிலேயே படுத்து நான் உறங்கியிருக்கிறேன் என்று எண்ணி அன்று அழுதேன்.

காது மூக்கு தொண்டை மருத்துவர், மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டு சதை பெருத்து வழியை அடைத்திருப்பதை எக்ஸ்ரேயில் காட்டினார். இரவு முழுவதும் மருத்துவமனையில் தங்கிச் செய்த தூக்கப் பரிசோதனையில், மணிக்கு 9 முறை மூச்சு தடைபடுவதாகத் தெரிந்தது. பெரியவர்களுக்கு 5க்குக் கீழ் இருந்தால் இயல்பு. குழந்தைகளுக்கு 1ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்றார்கள். அடினாய்டையும் டான்சிலையும் அகற்றினோம். குறட்டை வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் சில மாதங்கள் கழித்துச் செய்த மறுபரிசோதனையில் எண்ணிக்கை 3 என்று நின்றது. அதன்பிறகுதான் மேலண்ணத்தை விரிக்கும் கருவியைப் பொருத்தினார்கள். மேலண்ணத்தின் நடுவிலுள்ள எலும்புப் பொருத்து இந்த வயதில் இறுகியிருக்காது. வளர்ந்தபின் இவ்வளவு எளிதில் விரியாது. ஒரு திருப்புக்குக் கால் மில்லிமீட்டர் வீதம், கருவியிலுள்ள திருகைத் தினமும் நானே திருகினேன். இரண்டாவது வாரத்தில் முன்பற்களுக்கு நடுவே இடைவெளி விழுந்தது. முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. பின்னர் அது தானாகவே கூடிவிட்டது. இப்போது வாயை மூடித் தூங்குகிறாள்.

மற்றோர் உறுப்பினர்:

சகோதரி, என் மகனுக்கு 10 வயது; அவனுக்குக் குறுகியிருப்பது மேலண்ணம் அன்று, கீழ்த்தாடை பின்தங்கியிருக்கிறது. மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கிறது. தூக்கப் பரிசோதனை எதுவும் தேவையில்லை, தாடையை முன்னே கொண்டுவரும் கிளிப் போட்டால் மூச்சுத்திணறல் முழுவதும் போய்விடும் என்று ஓரிடத்தில் சொல்லிப் பெருந்தொகை கேட்டார்கள். கட்டியிருப்பேன். வேறொரு பல் மருத்துவர்தான் தடுத்தார். தாடையின் அமைப்பை மட்டும் பார்த்து, தூக்கத்தில் மூச்சு தடைபடும் இந்நோயை உறுதிசெய்ய முடியாது, அதைச் செய்ய வேண்டியவர் பல் மருத்துவர் அல்லர், உடல்நோய்களைப் பார்க்கும் மருத்துவர் என்று அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் சங்கம் 2019இல் வெளியிட்ட அறிக்கையே சொல்கிறது என்றார். பரிசோதித்தபோது, மூக்கு ஒவ்வாமையும் உடல் எடையும் அவனுக்குப் பெரும் காரணங்களாக இருந்தன. மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயைத் தொடர்கிறோம். கிளிப்பும் போட்டிருக்கிறோம், ஆனால் கடியைச் சரிசெய்ய என்று தெரிந்தே போட்டிருக்கிறோம். என் தங்கை மகளுக்கு அடுத்த வாரம் மேலண்ணக் கருவி பொருத்துகிறார்கள். திருகும்போது குழந்தைக்கு வலிக்குமா?

பதில்:

அண்ணா, திருகியதும் ஐந்து நிமிடம் மூக்கின் வேரிலும் கன்னத்திலும் ஓர் இறுக்கம் இருப்பதாகச் சொல்வாள், பிறகு மறந்துவிடுவாள். முதல் சில நாள்கள் பேச்சு குழறும், எச்சில் ஊறும். குழைந்த சோறும் இட்லியும் கொடுத்தோம். தங்கையிடம் ஒன்று மட்டும் கட்டாயம் சொல்லுங்கள். திருகும் சாவி மிகச் சிறியது. கை நழுவினால் நேராகத் தொண்டைக்குள் போய்விடும். அதன் முனையில் நீளமான நூல் ஒன்றைக் கட்டி, அதை விரலில் சுற்றிக்கொண்ட பிறகே வாய்க்குள் கொண்டுபோக வேண்டும்.