மறுமொழி: ‘பித்தி’ என்பதற்குத் தமிழ்ச்சொல்

அண்ணாச்சி, வணக்கம். சுருக்கமாகவும் சாரத்தோடும் சொல்வதை ஆங்கிலத்தில் ‘பித்தி’ (pithy) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும்போது நீங்கள் கேட்டது இது:

> ‘பித்’ என்றால் தண்டின் உட்சோறு. அதையே வைத்து ‘பித்தி’க்கு ‘உட்சோற்றுரை’ எனலாமே?

ஆங்கிலக்காரருக்கு உட்சோறு என்றால் சாரம். நம் சீமையில் அப்படியா? திசையன்விளைப் பக்கம் பனையைப் பிளப்பதை நின்று பார்த்திருப்பீர்கள். கோடாலியே தெறிக்கிற கறுத்த வைரமெல்லாம் வெளிச்சுற்றில் இருக்கும். நடுவில் நாரும் ஈரமுமாகப் பொதபொதவென்று கிடப்பதுதான் சோறு. அதைச் செதுக்கித் தள்ளிவிட்டுத்தான் சட்டம் எடுப்பார்கள். தொல்காப்பிய மரபியல் புறத்தே காழ் (அதாவது வைரம்) உள்ளதைப் புல் என்றும், அகத்தே காழ் உள்ளதை மரம் என்றும் பிரிக்கிறது. (அந்தக் கணக்கில் நம் பனை புல்!) மாட்டுப்பொங்கல் மாலைக்கு வரும் நெட்டியையும் ஆங்கிலத்தில் ‘பித்’ என்றுதான் சொல்கிறார்கள், ஊதினால் பறக்கும். ‘உட்சோற்றுரை’ என்றால் ஒன்றுமில்லாத பேச்சு என்றே ஊரில் எடுத்துக்கொள்வார்கள்.

சரி, காழை வைத்து ‘காழுரை’ என்றால்? பொருள் பொருந்துகிறது. ஆனால் ‘காழ்ப்புணர்ச்சி’ பழகிய காதுக்கு, யாரோ யாரையோ திட்டியதாகத்தான் படும்.

என் ஓட்டு ‘நறுக்கு’க்கு. ‘நறுக்குத் தெறித்தாற்போல்’ என்று ஏற்கெனவே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். பனையோலையில் வெட்டிய துண்டுக்கும் நறுக்கு என்றே பெயர். அதில் இடம் கொஞ்சம், எழுத்தாணியால் கீற வேண்டும். வளவளவென்று எழுத முடியாது. சோற்றில் கைவிட்ட பனை ஓலையில் கைகொடுக்கிறது.

‘நறுக்கென்று’ என்றால் தைக்குமே என்பீர்கள். உண்மைதான். ‘என்று’ சேர்ந்தால் கிள்ளுகிறது, ‘ஆன’ சேர்ந்தால் பாராட்டுகிறது. “நறுக்கா நாலு வார்த்தை பேசினாரு” என்று யாரும் குறையாகச் சொல்வதில்லை. வெடுக்கென்ற பேச்சுக்கு ஆங்கிலத்தில் ‘கர்ட்’ தனியாக இருக்கிறது, வெறும் சுருக்கத்துக்குக் ‘கன்சைஸ்’ இருக்கிறது. ‘பித்தி’க்கு உள்ளே சரக்கும் வேண்டும். நன்னூலின் பத்து அழகில் ‘சுருங்கச் சொல்லல்’ முடிந்த கையோடு ‘விளங்க வைத்தல்’ வருகிறது. பத்துக் குற்றத்தில் முதலில் நிற்பதே ‘குன்றக் கூறல்’.

முடிந்துபோன சண்டையை வீட்டில் யாராவது திரும்ப இழுத்தால் எங்கள் ஆச்சி சொல்வாள்: “தேரு நிலைக்கு வந்துட்டு, நீ இன்னும் வடத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கியே.” சொற்களை எண்ணினால் இதைவிடச் சின்னதாகச் சொல்லிவிடலாம். ‘வாயை மூடு’ என்றால் இரண்டே சொல். ஆனால் அது ‘கர்ட்’. ஆச்சி சொன்னதுதான் ‘பித்தி’.

ஆகவே பெயரடையாக ‘நறுக்கான’, அப்படிச் சொன்ன வாசகத்துக்கு ‘நறுக்குரை’. கணினியில் படத்தை நறுக்குவதோடு மோதுமே என்று யாராவது கேட்கலாம். அது வினை, இது பெயரடை, மோதாது. அகராதிக் கோப்பில் ஏற்றிவிடட்டுமா அண்ணாச்சி?