மாண்டலே படிப்பா, வைத்தியர் திண்ணையா?

தட்டோன் தம்பி:
எங்கள் ஊர்க் கோயிலில் படிப்பு உதவிக்கென்று கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. ஒரு பிள்ளையை மாண்டலே பாரம்பரிய மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பலாம் என்பது ஒரு பேச்சு. மோல்மேனில் இருக்கும் எண்பது வயதுச் சித்த வைத்தியரிடம் நாலு பிள்ளைகளை உட்கார வைக்கலாம் என்பது இன்னொன்று. எனக்கு மாண்டலேதான் சரி என்று படுகிறது. 1976இல் அங்கே பயிற்சி நிலையம் தொடங்கினார்கள், 2001இல் பல்கலைக்கழகம் வந்தது. மூலிகையோடு உடற்கூறும் கற்பிக்கிறார்கள். வைத்தியர்கள் பதிவு செய்துகொள்ள 2000ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. திண்ணையில் கற்ற பிள்ளைக்கு அந்தப் பதிவை யார் தருவார்கள்?

வைத்தியர் பேரன், மோல்மேன்:
தம்பி, நீங்கள் சொல்லும் வைத்தியர் என் தாத்தாதான். மாண்டலேயில் கற்பிப்பது பர்மிய மருத்துவம். அதில் ஆயுர்வேதம் கலந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நம் நாடி பார்க்கும் முறையோ, தாத்தா பாட்டாகவே சொல்லும் மருந்து அளவுகளோ அங்கே இல்லை. பல்கலைக்கழகம் பத்து வருஷம் கழித்தும் இருக்கும். தாத்தா இருப்பாரா? மலேரியா மருந்துக்காக 2015இல் நோபல் வாங்கிய தூ யூயூ அம்மாவுக்கு வழி காட்டியது, கே ஹோங் என்பவர் 4ஆம் நூற்றாண்டில் எழுதிய கைநூலின் ஒரு வரி. அவர் எழுதி வைத்தார், கிடைத்தது. நம் பாட்டுகளை யார் எழுதி வைத்திருக்கிறார்கள்?

செவிலி, யாங்கோன்:
அண்ணே, அந்தக் கதையில் பாதியை விட்டுவிட்டீர்கள். பச்சிலையைத் தண்ணீரில் ஊற வைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்கிறது அந்த வரி. காய்ச்சச் சொல்லவில்லை. அதைப் படித்த பிறகுதான் சூடு மருந்தைக் கெடுக்கிறதோ என்று அந்த அம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. குறைந்த சூட்டில் ஈதர் என்ற கரைப்பானைக் கொண்டு மருந்தைப் பிரித்தார், எலியிலும் குரங்கிலும் சோதித்தார், பிறகு தானே குடித்துப் பார்த்தார். நாமோ எது கிடைத்தாலும் எட்டுப் பங்கு தண்ணீர் ஒரு பங்காகச் சுண்டும்வரை காய்ச்சிக் கஷாயம் வைக்கிறோம். எதற்குக் கொதி ஆகாது என்பதை ஆய்வுக்கூடம் இல்லாமல் எப்படிக் கண்டுபிடிப்பது?

என் மாமாவை வயலில் கண்ணாடிவிரியன் கடித்தது. ஊரில் ஒருவர் ஈச்சுரமூலி வேரை அரைத்துக் கொடுத்து விடியும்வரை வைத்திருந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது சிறுநீர் நின்றிருந்தது. விஷமுறிவு ஊசி போட்டும் டயாலிசிஸ் வரை போனது. அந்தப் பாம்பின் விஷமே சிறுநீரகத்தைத் தாக்கும். ஈச்சுரமூலியில் இருக்கும் அரிஸ்டோலோக்கிக் அமிலமும் சிறுநீரகத்தைத்தான் கெடுக்கும். ஆடுதீண்டாப்பாளையும் அதே குடும்பம்.

வைத்தியர் பேரன், மோல்மேன்:
மாமாவுக்கு நடந்ததைக் கேட்க வருத்தமாக இருக்கிறது, தங்கச்சி. ஆனால் விரியன் கடி என்றால் தாத்தா நாடியைக்கூடத் தொட மாட்டார், உடனே வண்டி பிடிக்கச் சொல்வார். அந்த ஆளையும் அவரையும் ஒன்றாக எடை போடாதீர்கள்.

செவிலி, யாங்கோன்:
ஒன்றாகப் பார்க்கவில்லை அண்ணே. நல்ல வைத்தியர் கண்ணுக்கும் தப்பிவிடும் என்றுதான் சொல்கிறேன். ஆடுதீண்டாப்பாளை குடித்தவருக்குப் பூச்சி விழுந்திருக்கும், வைத்தியரைக் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பார். சிறுநீரகம் கெடுவது மாதக் கணக்கில், புற்றுநோய் வருவது வருஷக் கணக்கில். அப்போது யார் அந்த வேரை நினைப்பார்கள்? இந்தக் குடும்பத்துச் செடிகள் சேர்ந்த மருந்துகள் புற்றுநோய் தருபவை என்று 2002இலேயே உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்துவிட்டது.

தமிழ் ஆசிரியர், பெகு:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க மருந்து சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. சீனாவில் ஃபாங் ஜி என்ற பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட செடிகளுக்கு உண்டு. அந்த மருந்தில் வேண்டிய செடிக்குப் பதிலாக, ஈச்சுரமூலியின் இனமான அரிஸ்டோலோக்கியா வகை வந்து சேர்ந்திருக்கிறது. நம் நிலை அதைவிட மோசம். நிலவேம்பை இங்கே சே-கா-ஜீ என்கிறார்கள், பெருங்கசப்பு மருந்து என்று பொருள். கசக்கிற எதையும் அந்தப் பெயரில் பொடியாக விற்றால் யார் கேட்பது? வைத்தியருக்குத் தமிழ்ப் பெயர், கடைக்காரருக்குப் பர்மியப் பெயர், ஆய்வுக்கூடத்துக்கு லத்தீன் பெயர். மூன்றும் தெரிந்த ஒரு பிள்ளைகூட நம்மிடம் இல்லை. மாண்டலே போகிற பிள்ளை முதலில் ஒரு வருஷம் ஐயாவோடு காடு சுற்றட்டும். பிடுங்கிய ஒவ்வொரு செடியையும் பூவோடு காகிதத்தில் அழுத்திக் காய வைத்து, மூன்று பெயரும் எழுதட்டும்.

தட்டோன் தம்பி:
ஒரு வருஷம் தாமதித்தால் பணம் வேறு செலவுக்குப் போய்விடும், ஆசிரியர் ஐயா. 2025 நிலநடுக்கத்துக்குப் பிறகு மாண்டலே என்றாலே பெற்றோர் பயப்படுகிறார்கள். இப்போது ஒத்துக்கொண்ட பிள்ளை அப்போது வருமா? ஆறு மாதம் என்றால் பேசிப் பார்க்கிறேன்.

வைத்தியர் பேரன், மோல்மேன்:
தாத்தாவிடம் கேட்டேன். இலை, வேர் எல்லாம் காட்டுவாராம். உலோகத்தைப் புடம்போட்டு எடுக்கும் சிவப்புப் பொடியான செந்தூரம் செய்யும் முறையை மட்டும் எழுதவும் கூடாது, படம் பிடிக்கவும் கூடாது என்கிறார். எனக்கும் அதே எண்ணம்தான்.

செவிலி, யாங்கோன்:
எனக்கு அதிகம் பயம் செந்தூரத்தில்தான், அண்ணே. 2009இல் அமெரிக்காவின் இந்தியானாவில் குடியேறிய பர்மியக் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் கூடியிருந்தது. வீட்டில் கொடுத்த செரிமான மருந்திலேயே ஈயம் இருந்தது தெரியவந்தது. செய்முறையைச் சொல்ல வேண்டாம், ஒரு சிட்டிகை சோதனைக்குத் தரச் சொல்லுங்கள்.

வைத்தியர் பேரன், மோல்மேன்:
அதை நான் கேட்க முடியாது. நீங்களே நேரில் வந்து கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில்தான் இருப்பார். ஆசிரியர் ஐயா, பழைய செய்தித்தாள் நிறையக் கொண்டு வாருங்கள். கொல்லையிலேயே முப்பது செடிக்கு மேல் நிற்கிறது.