முகம் தெரியாதவர் அனுப்பும் நிரலை ஏற்கலாமா?

வெண்ணாறு: மேட்டூர் நீர்மட்டம் காட்டும் நம் கட்டற்ற செயலிக்கு ஒரு விதி வேண்டும் என்கிறேன். புதிதாக வருபவர் நேரே புல் ரிக்வெஸ்ட், அதாவது தன் நிரல் மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை, அனுப்பக்கூடாது. நம்மில் ஒருவர் அவருக்குப் பொறுப்பேற்க வேண்டும். 2024 தொடக்கத்தில் எக்ஸ்பிரஸ்.ஜேஎஸ் என்ற கட்டற்ற மென்பொருள் பட்ட பாடு தெரியும்தானே? யூடியூப் பாடம் ஒன்றைப் பார்த்துவிட்டு, அதன் அறிமுகக் கோப்பான ரீட்மீயில் தங்கள் பெயரைச் சேர்த்து அனுப்பிக் குவித்துவிட்டார்கள். நாம் மூன்றே பேர். குறுவை நேரத்தில் எனக்கு வயல் வேலையே தலைக்கு மேல்.

குடமுருட்டி: அண்ணே, திருவாரூரில் படிக்கிற ஒரு பிள்ளைக்கு நம்மில் யாரைத் தெரியும்? தலைமடை பாய்ந்து மிச்சம் இருந்தால்தான் கடைமடைக்கு என்கிற கதையாகிவிடும். தெரிந்தவர் என்றால் மட்டும் ஆபத்தில்லையா? கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் லைப்ரரிக்கு ஜியா டான் என்ற பெயரில் வந்தவர் 2021-லிருந்து ஒழுங்காகத்தான் நிரல் அனுப்பினார். வேலை தாமதமாகிறது என்று வேறு சில கணக்குகள் நச்சரிக்க, களைத்துப்போயிருந்த மெயின்டெய்னர் (அதைப் பராமரித்தவர்) ஜியா டானையும் பொறுப்பில் சேர்த்தார். 2024-ல் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பேக்டோர், அதாவது கள்ள வழி! உங்கள் விதி இருந்திருந்தால் அவருக்குப் பொறுப்பேற்க ஆளா கிடைத்திருக்காது?

வெண்ணாறு: தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் லாகின் அரை நொடி தாமதமாகிறதே என்று ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் தோண்டிப் பார்த்ததால் அது பிடிபட்டது. அவ்வளவு பொறுமையான திருடன் நம் செயலிக்கு வரமாட்டான் தம்பி. என் கவலை குப்பையைப் பற்றி. ஏஐ ஐந்து நிமிடத்தில் எழுதித் தருகிறது. படித்துப் பார்க்க எனக்கு ஒரு மாலை போகிறது.

அரசலாறு: ஆளை விடுங்கள், அளவைப் பாருங்கள். எழுத்துப்பிழை, சின்ன பக் (நிரல் பிழை) என்றால் யாரும் நேரே அனுப்பலாம். 50 வரிக்கு மேல் போனால் முதலில் இஷ்யூ (விவாதப் பதிவு) திறந்து பேசட்டும். புதியவர் அனுப்பியதற்கு நாம் அனுமதிக்காமல் தானியங்கிச் சோதனை ஓடாதபடி, நிரலை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தில் வசதி இருக்கிறது, அதை அணைக்காதீர்கள். புதிய பதிப்பை வெளியிடும் ரிலீஸ் உரிமையை மட்டும், எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவசரப்பட்டுக் கொடுக்க வேண்டாம்.

குடமுருட்டி: இதற்குச் சம்மதம். கூடவே புதியவர்களுக்கென்று சில வேலைகளைக் குறித்து வைப்போம். கல்லணையில் திறக்கிற நீரைக் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரித்துக் காட்டுவது ரொம்ப நாளாகக் கிடக்கிறது. இந்த ஊர்க்காரர் யாராவது செய்தால் ஏஐயைவிட நன்றாகவே செய்வார்.

வெண்ணாறு: சரி, குறித்து வையுங்கள். வருகிறவர்களுக்குப் பதில் எழுதுவதும் நீங்கள்தான். சம்பா நடவு முடியும்வரை வரும் நிரலைச் சரிபார்க்கும் ரிவ்யூ பட்டியலில் என் பெயரைப் போடாதீர்கள்.