காசநோயைத் தெரிவிக்க நோயாளியின் சம்மதம் வேண்டுமா?

கேள்வி: கிளினிக்கில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். காசநோய் உறுதியான ஒருவர், தன் பெயரை அரசுக்குச் சொல்லவே கூடாது என்கிறார். என்ன செய்வது?

பதில் 1: சட்டப்படி அறிவிக்க வேண்டிய நோய் என்றால் சம்மதம் தேவையில்லை, ஆனால் அந்த விவரம் சுகாதாரத் துறைக்குத்தான், அவர் முதலாளிக்கோ பக்கத்து வீட்டுக்கோ அல்ல. இதை அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், பாதி பயம் போய்விடும்.

பதில் 2: கெடுவையும் பாருங்கள். சில நோய்களைச் சந்தேகம் வந்தவுடனே போனில் சொல்ல வேண்டும், சிலவற்றுக்குச் சில நாள் அவகாசம். பட்டியல் நாட்டுக்கு நாடு மாறும்.

பதில் 3: நாடுகளுக்கே கெடு இருக்கிறதே! 2005 சர்வதேச சுகாதார விதிமுறைகளின்படி, பெரியம்மையோ சார்ஸோ ஒருவருக்கு வந்தாலும், அதை மதிப்பிட்டு முடித்ததிலிருந்து 24 மணி நேரத்துக்குள் உலக சுகாதார நிறுவனத்துக்குச் சொல்லியாக வேண்டும்.

கேட்டவர்: சரி, ஆய்வகம் ஏற்கெனவே அனுப்பியிருந்தால்?

பதில் 1: நீங்களும் அனுப்புங்கள். பல நாடுகளில் இருவருக்கும் தனித்தனிக் கடமை.