புதுப்பிப்பு: அம்மாவின் காணொளி மருத்துவம், நான்கு மாதங்களுக்குப் பின்

சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ள அம்மாவை மாதந்தோறும் வண்டிப்பெரியாரிலிருந்து குமுளி வழியாகத் தேனிக்குப் பேருந்தில் அழைத்துச் செல்வது கடினமாக இருப்பதால், காணொளி ஆலோசனை போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பெரும்பாலும் போதுமானதாக இருக்கிறது.

முதல் மாதம் அழுத்தம் 160-க்குக் கீழே இறங்கவே இல்லை. மருத்துவர் உடனே மாத்திரையைக் கூட்டாமல், அளவெடுப்பதைக் காட்டச் சொன்னார். லயத்து (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) படியேறி வந்த மூச்சோடு, கையைத் தொங்கவிட்டபடி அம்மா அளந்துகொண்டிருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. ஐந்து நிமிடம் சாய்ந்து அமர்ந்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, பட்டை கட்டிய கையை நெஞ்சுயரத்தில் மேசைமேல் வைத்து அளக்கத் தொடங்கியபின், நோட்டில் 138, 134 என்று எழுதுகிறோம்.

இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையை ஊரிலேயே எடுத்து அறிக்கையை அனுப்பினோம்.

பாதங்களை மட்டும் திரையை நம்பி விட்டுவிடாதீர்கள். உணர்ச்சி மரத்திருக்கிறதா என்பதைத் தொட்டுத்தான் அறிய முடியும் என்று மருத்துவரே நேரில் வரச் சொன்னார். மேலும், 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி, அதே நோய்க்காக நேரில் பார்த்த ஆறு மாதத்துக்குள் நடப்பதே தொடர் ஆலோசனை ஆகும். ஆகவே அந்த ஆறு மாதம் முடியுமுன், அடுத்த நேரடிப் பயணத்தைத் தை மாதத்துக்குக் குறித்து வைத்திருக்கிறோம்.