தோலடிக் காற்றுப்படர்வு: ஒரு சொல் முன்மொழிவு

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

நுரையீரல் அறுவைக்குப் பின் தோலுக்கடியில் காற்று புகுந்துகொள்ளும் நிலைக்கு முன்வைக்கப்பட்ட 'தோலடிக் காற்றுக்கசிவு' என்ற சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை. கசிவது நுரையீரல், தோலடி அக்காற்று வந்து சேரும் இடம் மட்டுமே. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால், முதலில் பார்க்க வேண்டியது தோலை அன்று, கசியும் காற்றை வெளியேற்ற நெஞ்சில் செருகிய வடிகுழாயை என்பது மறைந்துபோகும்.

அக்குழாய் மடங்கியோ, உறைந்த குருதியால் அடைபட்டோ, கசிவுக்கு ஈடுகொடுக்க முடியாமலோ போனால், வெளியேற வேண்டிய காற்று நெஞ்சுச் சுவரின் காயத்தின் வழியே தோலடியில் புகுந்து கழுத்து, கன்னம், கண்ணிமை வரை ஏறுகிறது. குழாயைச் சீராக்குவதாலும், உறிஞ்சு அழுத்தம் கொடுப்பதாலும், தேவையானால் இன்னொரு குழாய் செருகுவதாலும் பெரும்பாலும் அடங்கிவிடும். மூச்சுக்கு இடையூறு நேருமானால், காறை எலும்புக்குக் கீழே தோலைச் சிறிதாகக் கீறிக் காற்றுக்கு வழிவிடுவதும் உண்டு. 5 நாளைத் தாண்டியும் நுரையீரல் கசிந்தால் 'நீடித்த காற்றுக்கசிவு' எனலாம். கசிவு என்ற சொல்லுக்கு உரிய இடம் அதுவே.

இந்நிலையின் ஆங்கிலப் பெயரிலுள்ள 'எம்பிசீமா' என்பதையே எழுதிவிடலாம் என்போருக்கு ஒன்று: புகைப்பவர்களின் நுரையீரலில் காற்றுப்பைகளின் சுவர் அழியும் நோய்க்கும் அதே பெயர்தான். காற்று என்பதற்கு மாற்றாக 'வளி' என்றால் சித்த மருத்துவம் அறிந்தவர் வாதத்தை நினைப்பார்.

'வீக்கம்' என்பதை நானே சொல்லிப் பட்டிருக்கிறேன். இங்கே மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தாதியாக இருந்து ஓய்வு பெற்ற நான், அறுவை முடிந்து இமை திறக்க முடியாமல் படுத்திருந்த அண்டை வீட்டுப் பெரியவரைக் காணச் சென்றபோது அச்சொல்லைச் சொன்னதுமே, அவர் மனைவி சீழ் கோத்துக்கொண்டது என்று எண்ணி அழுதுவிட்டார். பிறகு அவர் விரலைப் பிடித்துக் கணவரின் கழுத்தில் மெல்ல அழுத்தவைத்தேன், உள்ளே நெறுநெறுவென்றது. குழாய் அடைபட்ட கதையைக் கேட்ட பெரியவர், நெடுங்காலம் பால்மரம் வெட்டியவர் (ரப்பர் மரத்தைக் கீறிப் பாலெடுத்தவர்), "மங்கு நகர்ந்துட்டா பாலு பட்டையில படர்ற மாதிரியாம்மா?" என்றார். மங்கு என்பது மரத்தில் பால் ஏந்தும் கிண்ணம். உவமை முழுதும் பொருந்தாது. பால் கீழிறங்கும், இக்காற்றோ மேலும் ஏறும். ஆயினும் 'படர்' என்ற வினையை அவரிடமிருந்தே எடுத்துக்கொண்டேன்.

எனவே 'தோலடிக் காற்றுப்படர்வு'. அழுத்தும்போது விரலில் தட்டுப்படுவதற்கு 'நெறுநெறுப்பு' என்பேன். 'நறநறப்பு' பல்லைக் கடிப்பதை நினைவூட்டுகிறது, 'நொறுநொறுப்பு' முறுக்கை. இவற்றினும் பொருத்தமான ஒலிக்குறிப்பு யாரிடமேனும் இருந்தால் எழுதுக.