லிபரோவுக்குத் தமிழ்ச்சொல்: ‘மீட்பாளர்’ என்று வைத்தால் என்ன?

பொருள்: மறு: கரப்பந்துச் சொற்கள் – லிபரோ

அன்பின் குழு நண்பர்களுக்கு,

வணக்கம். கரப்பந்து (வொலிபோல்) அணியில் பின்வரிசையில் நின்று பந்தைக் காப்பதற்கென்றே உள்ள ஆட்டக்காரர் லிபரோ. அவரை எப்படி அழைப்பது என்று இந்த இழையில் இதுவரை மூன்று பெயர்கள் வந்திருக்கின்றன: ‘கட்டிலா ஆட்டக்காரர்’, ‘ஏந்துநர்’, அப்புறம் ‘லிபரோ என்றே இருக்கட்டும்’. நான் நாலாவதாக ‘மீட்பாளர்’ என்ற சொல்லை வைக்கிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான நடுவர் வகுப்புக்கு விதிகளைத் தமிழில் எழுதும் வேலை இப்போது என் கையில் இருக்கிறது. மற்றச் சொற்கள் ஓரளவு அமைந்துவிட்டன. இந்த ஒன்றில்தான் வேலை நிற்கிறது. அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தலைப்பு. கோவை நண்பர் அதைக் ‘கைப்பந்து’ என்று மாற்றச் சொன்னார். தமிழ்நாட்டில் அதுதான் வழக்கு, சரி. மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்திலும் பள்ளிக்கூடம் முதல் சுற்றுப்போட்டிப் பனர் வரை கரப்பந்துதான். 1991இல் இந்த விளையாட்டு இலங்கையின் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்ட பிறகு அந்தப் பெயர் இன்னும் ஊன்றிவிட்டது. அவரவர் ஊரில் அவரவர் பெயர் இருக்கட்டும். லிபரோவுக்கு இரு கரையிலும் இன்னும் ஒரு தமிழ்ப் பெயர் நிலைக்கவில்லை என்பதால், அதையாவது சேர்ந்து செய்யலாம்.

> லிபரோ இத்தாலியச் சொல். ‘கட்டற்றவர்’ என்பது பொருள். ஆகவே ‘கட்டிலா ஆட்டக்காரர்’ பொருத்தம்.

சொல்லுக்குப் பொருள் அதுதான். ஆனால் களத்தில் நிற்கும் ஆறு பேரில் அதிகம் கட்டுப்பட்டவர் அவரே. சர்வதேச விதிப்படி அவர் சேவிஸ் போட, அதாவது பந்தை அடித்து ஆட்டத்தைத் தொடங்க முடியாது. புளொக் பண்ண, அதாவது வலையோரம் கையுயர்த்தி எதிரணியின் அடியைத் தடுக்க முடியாது, அதற்கு முயலவும் கூடாது. பந்து முழுதும் வலையின் மேல்விளிம்புக்கு மேலே இருக்கும்போது அதை எதிர்ப்பக்கம் அடித்து அனுப்பக் கூடாது. களத்தில் எந்த இடத்தில் நின்றாலும் இதே கதைதான். மற்றப் பின்வரிசைக்காரர் வலையிலிருந்து மூன்று மீற்றர் தள்ளியிருக்கும் கோட்டுக்குப் பின்னால் காலூன்றி எழும்பி அடிக்கலாம். அவருக்கு அதுவும் இல்லை. அந்தக் கோட்டுக்கு முன்னால் வந்து விரல்களால் பந்தை உயர்த்திக் கொடுத்தால், அதை வலைக்கு மேலே வைத்து வேறு யாரும் அடிக்கவும் முடியாது. முன்கையால் உயர்த்தினால் பிழையில்லை. கோட்டுக்குப் பின்னால் நின்று விரலால் உயர்த்தினாலும் பிழையில்லை. பத்து வயதுப் பிள்ளைக்குக் ‘கட்டிலா’ என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, மறுகா இத்தனை கட்டையும் எப்படிச் சொல்வது?

அவருக்கு உள்ள விடுதலை ஒன்றுதான்: உள்ளே வருவதும் வெளியே போவதும். ஒரு செற்றில் (ஆட்டத்தின் ஒரு சுற்றில்) ஓர் அணிக்கு ஆறு ஆள்மாற்றம். லிபரோவின் வரவும் போக்கும் அந்த ஆறில் சேராது. சேவிஸுக்கான விசிலுக்கு முன்னே, தன் அணியினர் உட்காரும் வாங்குப் பக்கமாக, மூன்று மீற்றர்க் கோட்டுக்கும் பின்கோட்டுக்கும் இடைப்பட்ட பக்கக்கோட்டால் நுழைவார். பின்வரிசையில் ஒருவருக்குப் பதிலாக நிற்பார். ஆட்டக்காரர் இடம் நகரும் சுழற்சியில் முன்வரிசைக்குப் போகும் முறை வந்தால் வெளியேறுவார். கணக்கில் சேராமல் வந்து போகிறவரை நடுவர் தூரத்திலிருந்தே அடையாளம் காண வேண்டும். அதற்காகத்தான் அவருக்கு மட்டும் வேறு நிறச் சட்டை.

இன்னொன்றையும் கவனியுங்கள். பந்தை உயர்த்திக் கொடுக்கும் செற்றருக்கோ அதை அடிப்பவருக்கோ விதிநூலில் தனி அத்தியாயம் கிடையாது. அவை அணிக்குள் பிரித்துக்கொள்ளும் வேலைகள். லிபரோ விதியால் உண்டான ஆள். 19ஆம் விதி முழுக்க அவருக்கே உரியது. எனவே இந்தப் பெயர் வழிதவறினால் விதியே பிழையாக விளங்கும்.

அவரை ஏன் உண்டாக்கினார்கள் என்று பார்த்தாலும் பெயருக்கு வழி தெரிகிறது. எழும்பிப் போடும் சேவிஸும் உயரமானவர்களின் அடியும் பலத்துப் போக, பந்து வலையை இரண்டு தரம் கடப்பதற்குள் புள்ளி முடிந்துவிடும் நிலை வந்தது. ஆட்டம் நீள வேண்டும், பந்து நிலத்தில் விழாமல் இருக்க வேண்டும் என்பதற்காக, காப்பதையே வேலையாகக் கொண்ட ஓர் ஆளை 1998இல் சர்வதேச ஆட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள்.

பெயர் எப்படி நிலைக்கிறது என்பதற்கு இந்த விளையாட்டின் பெயரே நல்ல சாட்சி. 1895இல் அமெரிக்காவின் ஹோலியோக் நகர ஒய்.எம்.சி.ஏ.யில் வில்லியம் மோர்கன், கூடைப்பந்தின் ஓட்டமும் இடிபாடும் ஒத்துவராத நடுவயதுக்காரருக்காக இதை அமைத்தார். வைத்த பெயர் ‘மின்டனெற்’. பட்மின்டனைத் தழுவிய பெயர். அடுத்த ஆண்டு ஸ்பிரிங்ஃபீல்டில் ஆடிக் காட்டியபோது, பந்து அந்தரத்திலேயே திரும்பத் திரும்ப அடிபடுவதைப் பார்த்த அல்பிரட் ஹால்ஸ்ரெட் ‘வொலி போல்’ என்று மாற்றச் சொன்னார். இன்னொரு விளையாட்டிடமிருந்து கடன்வாங்கிய பெயர் அங்கேயே நின்றுவிட்டது. கண்ணால் கண்டதைச் சொன்ன பெயர் 1916இல் இலங்கை வரைக்கும் வந்தது. லிபரோவுக்கும் நாம் அதே வழியில் போகலாம். இத்தாலியச் சொல்லை விட்டுவிட்டு, அந்த வேறு நிறச் சட்டைக்காரர் களத்தில் என்ன செய்கிறார் என்று பார்ப்போம்.

> பந்தைக் கையில் ஏந்துகிறார். ‘ஏந்துநர்’ அழகாகவும் இருக்கிறது.

சொல் அழகுதான், ஐயா. நானும் முதலில் அதன் பக்கம் சாய்ந்தேன். ஆனால் நடுவராக நின்று பார்த்தால் ஏற்க முடியவில்லை. ஏந்துவது என்றால் பந்து கையில் ஒரு கணமாவது தங்க வேண்டும். கரப்பந்தில் பந்து தங்கினால் பிழை. முதல் தொடுகையில் பந்து ஒரே அசைவில் உடம்பில் இரண்டு இடத்தில் பட்டாலும் விட்டுவிடுவோம். தங்கினால் அந்தத் தொடுகையிலும் விட மாட்டோம். அந்தப் பிழைக்கு நடுவர் காட்டும் சைகையை நினைத்துப் பாருங்கள்: உள்ளங்கை மேலே பார்க்க, முன்கையை மெல்ல உயர்த்துவது. அச்சொட்டாக ஏந்தும் கை. ஏந்துநர் ஏந்தினால் விசில் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க முடியாது.

உண்மையில் நடப்பது என்ன? கல்லடிக் கடற்கரையில் பின்னேர ஆட்டம் ஒன்றைப் பார்த்தால் விளங்கும். அடி இறங்குவதற்கு முன்பே பின்னால் நிற்பவர் முழங்காலை மடித்துக் குந்தியமாதிரி நிற்பார். இரண்டு கையையும் சேர்த்து, பெருவிரல்கள் பக்கம் பக்கமாக, முழங்கை மடங்காமல் நீட்டியிருப்பார். பந்து படுவது உள்ளங்கையில் இல்லை, மணிக்கட்டுக்கு மேலே முன்கையின் சதைப்பிடிப்பில். கையை வீசினால் பந்து வெளியே பறக்கும். வீசாமல் தோளால் இலேசாகச் சாய்த்துக் கொடுத்தால், அடித்தவனின் வேகமே பந்தைச் செற்றரின் தலைக்கு மேலே கொண்டுபோய் வைக்கும். எட்டாத பந்துக்கு விழுந்தே ஆக வேண்டும். மண்டபத்துத் தரையில் கையை விரித்து வைத்து, புறங்கையில் பட்டுப் பந்து எழும்பினாலும் எடுத்ததுதான். எங்கள் மணலில் அது சரிவராது, கை புதைந்துவிடும். கைமுட்டியைக் கீழே கொடுத்துத்தான் எழுப்ப வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இன்னும் கஷ்டம். சுழலாமல் வரும் சேவிஸ் கடைசி ஒரு மீற்றரில் எந்தப் பக்கம் இழுபடும் என்று யாராலும் சொல்ல முடியாது.

1964இல் தோக்கியோவில் கரப்பந்து முதன்முதலாக ஒலிம்பிக்குக்கு வந்தபோது ஜப்பான் பெண்கள் தங்கம் வென்றதும் இந்தத் திறமையால்தான். பயிற்றுநர் டைமற்சு அவர்களுக்குப் பழக்கியது, விழுந்து பந்தை எழுப்பி, உருண்டு, அதே மூச்சில் எழுந்து நிற்பது. போய்விட்டது என்று எல்லோரும் நினைத்த பந்து திரும்ப ஆட்டத்துக்கு வருகிறது. இதற்குத் தமிழில் ‘மீட்டல்’ என்பதைவிடப் பொருத்தமான வினை எனக்குத் தெரியவில்லை. அந்தத் தொடுகை ‘மீட்பு’. அதற்கென்றே நிற்பவர் ‘மீட்பாளர்’. சேவிஸை வாங்குவதை ‘ஏற்பு’ என்று பிரித்து வைத்துக்கொள்ளலாம். ‘பந்தை மீட்டார்’, ‘இரண்டாவது மீட்பு’, ‘மீட்பாளர் உள்ளே வருகிறார்’ என்று ஒலிபெருக்கியில் அறிவித்தாலும் நாக்கு இடறாது.

எங்கள் பிள்ளைகள் களத்தில் கத்துவது ‘எடு மனே, எடு!’ என்றுதான். அதிலிருந்து ‘எடுப்பாளர்’ என்று ஆக்கலாமா என்றும் யோசித்தேன். ‘எடுபிடி’ பக்கத்தில் வந்து நிற்கிறது. அணியின் முக்கியமான ஒருவருக்கு அது வேண்டாம்.

லிபரோ என்றே விடலாம் என்பவர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. உலகம் முழுக்க அந்தப் பெயர்தான். ஆனால் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை எதையும் ஊகிக்க முடியாது. எங்கள் பக்கத்துக் காரைதீவில் பிறந்த தமிழறிஞர் விபுலாநந்த அடிகளார் சென்னை வரைக்கும் போய்க் கலைச்சொல் ஆக்கத்துக்குத் தலைமை தாங்கினார். அந்த மண்ணில் இருந்துகொண்டு ஒரு விளையாட்டுச் சொல்லுக்கு முயற்சிகூடச் செய்யாமல் விடுவது எனக்கு மனம் ஒப்பவில்லை.

சுழற்சிக்கு வேறு பெயர் வேண்டாம் என்பதே என் எண்ணம். சேவிஸ் உரிமையை வென்ற அணி மணிக்கூட்டுத் திசையில் ஓரிடம் நகர்வதை விதியில் ‘சுழற்சி’ என்று எழுதுகிறேன். களத்தில் ‘கிறுகு, கிறுகு’ என்று சொல்வோம். எங்கள் பக்கத்துச் சொல், நடுவர் கையேட்டுக்கு வெளியே நன்றாகவே வாழ்கிறது.

கருத்துகளை எழுதுங்கள்.

மட்டக்களப்பிலிருந்து

---

பொருள்: மறு: மறு: கரப்பந்துச் சொற்கள் – லிபரோ

சேர், அஸ்ஸலாமு அலைக்கும்.

‘ஏந்துநர்’ பற்றி நீங்கள் சொன்னது சரி. அந்தச் சைகையை இவ்வளவு காலம் காட்டியும் நான் அப்படி யோசிக்கவில்லை.

‘மீட்பாளர்’ பற்றி இரண்டு சந்தேகம். ஒன்று, மீட்பு எல்லோரும் செய்வதுதானே? செற்றரும் விழுந்து எடுக்கிறார், அடிப்பவரும் எடுக்கிறார். அந்தப் பெயரை ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் மற்றவர்கள் ‘அது என் வேலை இல்லை’ என்று நிற்க மாட்டார்களா? என் பிள்ளைகளிடம் நான் தினமும் மாரடிக்கிற விஷயமே அது. இரண்டு, இந்தக் கரையில் மீட்பு என்றவுடன் சுனாமியும் வெள்ளமும் படகும்தான் ஞாபகம் வரும். கிறிஸ்தவச் சகோதரர்களுக்கு ‘மீட்பர்’ என்ற சொல்லும் இருக்கிறது. இதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. சாதாரண ஆள்மாற்றமும் லிபரோ வந்து போவதும் வேறு வேறு. இரண்டையும் ‘மாற்றம்’ என்று எழுதினால் பிள்ளைகள் ஆறில் கூட்டிவிடுகிறார்கள். லிபரோவுடையதைக் ‘கைமாற்று’ என்றால் என்ன? கைமாற்றாக வாங்கின காசைக் கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுப்போம். இங்கேயும் யாருடைய இடத்தை வாங்கினாரோ அவரிடமே திருப்பிக் கொடுக்கிறார்.

அக்கரைப்பற்றிலிருந்து

---

பொருள்: மறு: மறு: மறு: கரப்பந்துச் சொற்கள் – லிபரோ

வ அலைக்கும் ஸலாம், ரீச்சர்.

‘கைமாற்று’ மிக நல்ல சொல். உடனே எடுத்துக்கொள்கிறேன். ஒரு குறிப்பு மட்டும் சேர்க்க வேண்டும்: அணிக்கு இரண்டு லிபரோ இருந்தால் இடம் ஒருவரிடமிருந்து மற்றவருக்கும் போகலாம், கடைசியில் உரியவருக்கே திரும்ப வேண்டும். வெளியே போனவர் மீண்டும் உள்ளே வருவதற்கு இடையில் ஒரு பந்தாவது ஆடி முடிந்திருக்க வேண்டும் என்பதையும் அதன் கீழேயே எழுதிவிடுகிறேன். இதைப் பதிவதற்குத் தனித் தாள் இருப்பதால் அதைக் ‘கைமாற்றுத் தாள்’ என்று சொல்லலாம். ஆள்மாற்றம் ஆறு, கைமாற்றுக்கு எண்ணிக்கை இல்லை: பிள்ளைகள் இனிக் கூட்ட மாட்டார்கள்.

உங்கள் முதல் சந்தேகம் பெறுமதியானது. ஆனால் பந்தை உயர்த்திக் கொடுப்பதும் எல்லோரும் செய்யக்கூடியதுதான், அதற்காக ஒருவரைச் செற்றர் என்று சொல்லாமல் விடுகிறோமா? மற்றவர்களுக்குப் பல வேலைகளில் மீட்பும் ஒன்று. இவருக்கு விதி விட்டுவைத்த பெரிய வேலையே அதுவும் ஏற்பும்தான். பாடத்தில் ‘மீட்பு ஆறு பேருக்கும் உரியது’ என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டு, பிறகு மீட்பாளரைப் பற்றித் தொடங்குகிறேன். உங்கள் பிள்ளைகளுக்கு அந்த வரியைக் காட்டுங்கள்.

‘மீட்பர்’ வேறு, ‘மீட்பாளர்’ வேறு என்பதால் தேவாலயத்துக்குப் போகிற என் நண்பர்களிடமும் கேட்டேன். அவர்களுக்கு அது உறுத்தவில்லை. சுனாமி பற்றி நீங்கள் சொன்னதை மறுக்க மாட்டேன். அந்த நினைவு இந்தக் கரையில் எல்லோருக்கும் உண்டு. ஆனால் அந்த நாட்களில் மீட்பு என்ற சொல்லோடு வந்தவர்கள் நம்மைத் தூக்கி எடுத்தவர்கள். அதில் தாழ்வோ அச்சமோ இல்லை.

ஆகவே வகுப்புத் தாளில் முதல் இடத்தில் ‘மீட்பாளர் அல்லது லிபரோ’ என்றும், பிறகு மீட்பாளர் என்று மட்டும் எழுதுகிறேன். புள்ளித்தாளில் இருக்கும் ‘எல்’ அடையாளம் அப்படியே இருக்கும். சர்வதேசத் தாளோடு பிசகக் கூடாது. கோவை நண்பர் அங்கேயுள்ள நடுவர்களிடம் ‘மீட்பாளர்’ எடுபடுமா என்று கேட்டுச் சொன்னால் நல்லது.

அடுத்து, பந்து ஒருவரிடம் அடுத்தடுத்து இரண்டு தரம் படும் பிழைக்கு ‘இரட்டைத் தொடுகை’யா ‘இருதொடுகை’யா என்று முடிவு செய்ய வேண்டும். முதல் தொடுகையில் ஒரே அசைவாக இருந்தால் அது பிழையில்லை என்ற விலக்கையும் அந்தப் பெயர் குழப்பாமல் இருக்க வேண்டும். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.

மட்டக்களப்பிலிருந்து